ஒரு பாட்டுக்காரரைக் கேட்க நூறு கிலோமீட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொங்கல் வேலைகள் ஆரம்பிப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் படங்கள் அனுப்பியிருந்தான். மனைவி, இரண்டு பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பத்து மணி நேரம் ஓட்டி, நாஷ்வில் என்கிற ஊருக்குப் போயிருக்கிறான். அவனுக்குப் பிடித்த ‘கன்ட்ரி’ பாடகர் ஒருவரை நேரில் கேட்பதற்காக. 1925 நவம்பரில் வானொலி நிகழ்ச்சியாக அந்த ஊரில் தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ இன்றுவரை நடக்கிறதாம், இப்போது அதற்கு நூறு வயது. டிக்கெட், தங்கல், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அவன் சொன்ன கணக்கை ரூபாயில் போட்டுப் பார்த்தேன். என் இரண்டு மாதப் பென்ஷன்.

"அங்கே என்னப்பா பாடுவாங்க?" என்று கேட்டேன்.

"விவசாயம், ரயிலு, குடி, அம்மா, ஜெயிலு, விட்டுட்டுப் போன பொண்ணு, இதான் சார்."

"அப்போ நம்ம நாட்டுப்பாட்டுதாண்டா அது. பேரு கூட அதேதான்."

அவன் சிரித்துவிட்டு ஒரு கேள்வி போட்டான்: "நீங்க யாரையாவது கேக்க இப்படிப் போயிருக்கீங்களா சார்?"

போயிருக்கிறேன். அதைச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது புரியும்.

1991. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். எனக்கு அப்போது முப்பது வயது, தமிழாசிரியர். எங்கள் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் எங்கிருந்தோ ஒரு கேசட் கொண்டுவந்தார். கே.ஏ. குணசேகரன் பாடியது. மேலட்டை இல்லை, பேனாவால் பேர் மட்டும் எழுதியிருந்தது. பலமுறை பதிவெடுத்துப் பதிவெடுத்துத் தேய்ந்துபோன ஒலி. ஆனால் அந்தக் குரல்! அதுவரை நான் கேட்ட நாட்டுப்பாட்டெல்லாம் சினிமாவில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்தது. இது வெறுங்காலோடு வந்தது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டும் அதில் இருந்தது. அது ஒரு கவிஞர் எழுதிய பாட்டு என்றே எனக்கு அப்போது தெரியாது. காலங்காலமாக யாரோ பாடிவந்தது என்று நினைத்தேன். அப்படி நினைக்க வைத்தது அவர் குரல்தான்.

குணசேகரனைத் தெரியாத இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிவகங்கைச் சீமையில் இளையான்குடிப் பக்கம் மாரந்தை என்ற ஊரில் 1955இல் பிறந்தவர். ‘தன்னானே’ என்று கலைக்குழு வைத்து ஊர் ஊராகப் பாடினார். ‘பலியாடுகள்’ என்று நாடகம் எழுதினார். 2005இல் வெளிவந்த ‘வடு’ அவருடைய தன்வரலாறு. சாதி ஒரு சின்னப் பையனின் பள்ளிக்கூடத்துக்குள், தண்ணீர்ப் பானைக்குள், சோற்றுத் தட்டுக்குள் எப்படியெல்லாம் நுழைகிறது என்று தெரிய வேண்டுமானால் அதைப் படியுங்கள். நூலகத்தில் கிடைக்கும். மெல்லிய புத்தகம்தான், ஆனால் சட்டென்று கீழே வைக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். "சார், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு காலனியில இன்னிக்கு ராத்திரி அவர் பாடறாராம். வரீங்களா?" மாஸ்டரிடம் ஒரு பழைய எஸ்டி வண்டி இருந்தது. உதைத்தால் ஏழாவது உதைக்குக் கிளம்பும். மத்தியானம் கிளம்பினோம். குயிலாப்பாளையத்திலிருந்து உள்வழியாகப் போய்த் திண்டிவனம் ரோட்டைப் பிடித்து, கிளியனூர் தாண்டி, திண்டிவனத்தில் ஒரு டீ. அங்கிருந்து செஞ்சி ரோடு. இன்றைக்கு இருப்பது போல் அகலமான சாலை இல்லை. எதிரில் பஸ் வந்தால் மண்ணில் இறங்கித்தான் நிற்க வேண்டும். வல்லம் பக்கம் பின்சக்கரம் பஞ்சர். இரண்டு கிலோமீட்டர் தள்ளினோம். பஞ்சர் ஒட்டி முடித்து செஞ்சி போய்ச் சேரும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ராஜகிரிக் கோட்டை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. மாஸ்டர் வண்டியை நிறுத்தி அதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். ஓவியருடன் பயணம் போனால் இது ஒரு தொல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு. சவுக்குக் கழி நட்டு நாலு டியூப் லைட், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், கீழே தார்ப்பாய். பத்தரை மணிவரை பேச்சு. ஒவ்வொருவரும் இரண்டே நிமிடம் என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் தார்ப்பாயில் உட்காராமல் ஓரமாக வண்டிமேல் சாய்ந்து நின்றேன். ஏன் உட்காரவில்லை என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நினைவிருக்கிறது.

அப்புறம் அவர் பாடினார். இரண்டாவதோ மூன்றாவதோ ஒரு களை எடுக்கிற பாட்டு. பாடுவதற்கு முன் அதை எந்த ஊரில், என்ன வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார் என்று சொன்னார். இரண்டு அடி போனதும் என் தோளை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். மாஸ்டர்.

"சார், இது எங்கம்மா பாட்டு சார்."

"எந்த ஊர்ப் பாட்டுன்னு இப்பதானே சொன்னாரு."

"ஊர் பேருதான் வேற. மெட்டு அதேதான். எங்கம்மா மல்லாட்டைக் கொல்லையில பாடும்."

பாட்டின் நடுவில் கரண்ட் போனது. அந்தக் காலத்தில் அது அதிசயம் இல்லை. மைக் செட்காரர் ஏதோ கத்திக்கொண்டு ஓடினார். இவர் நிறுத்தவே இல்லை. மேடையைவிட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் வந்து நின்று பாடினார். எதிர்ப்பாட்டைக் கூட்டம் எடுத்துக்கொண்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவியின் குரல் தனியாக எழும்பி, அவர் பாடாத ஓர் அடியைப் பாடியது. அவர் நிறுத்திக் கேட்டுவிட்டு, அந்த அடியை வாங்கித் திரும்பப் பாடினார். கேசட்டில் இது எப்படி வரும்? கேசட்டில் அவர் பாடுவார், நாம் கேட்போம், அவ்வளவுதான். இங்கே யார் பாடகர், யார் ரசிகர் என்று இருட்டில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கரண்ட் வந்தபோது நான் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது.

இரவு இரண்டு மணிக்குச் சாப்பாடு போட்டார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் சோறும் கருவாட்டுக் குழம்பும். நான் ஒரு காலனி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் முறை. முப்பது வயது, எட்டு வருடம் தமிழாசிரியர், ‘பிறப்பொக்கும்’ குறளுக்கு வகுப்பில் மூன்று நாள் விளக்கம் சொல்பவன். மாஸ்டருடன் தினமும் ஒரே மேசையில் டீ குடிப்பவன். ஆனால் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த மாஸ்டர் வீட்டுக்குள் அதுவரை போனதில்லை. வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுவேன். அவரும் உள்ளே வாங்க என்று வற்புறுத்தியதில்லை.

விடியற்காலை வீடு வந்தேன். "ராத்திரி எங்கே சாப்ட்ட?" என்று என் அம்மா கேட்டார். "திருவண்ணாமலை ஓட்டல்ல" என்று சொன்னேன். இந்தப் பொய்யை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன், இந்த முறை உள்ளே. அவர் அம்மாவிடம் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னோம். டேப்ரிக்கார்டரும் கையில் இருந்தது. "அதெல்லாம் ஒரு பாட்டா நைனா? வேலை செய்ற நேரத்துல வாயிருக்கேன்னு கத்துறது. வாத்தியாரு எதிர்ல போய் அதைப் பாடிக்கினு" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். அந்த அப்புறம் வரவில்லை. இரண்டு வருடத்தில் அந்த அம்மா போய்விட்டார். கொல்லைகளும் ஒவ்வொன்றாகப் பிளாட் ஆயின. களை வெட்டுவோர் இல்லாத மண்ணில் களைப்பாட்டு எங்கே இருக்கும்? (மாஸ்டர் இப்போது மரக்காணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இதைப் படிப்பார். வண்டி ஏழாவது உதைக்கு அல்ல, மூன்றாவது உதைக்கே கிளம்பும் என்று கமென்டில் சண்டைக்கு வருவார்.)

நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய்க் கேட்ட குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். காலாப்பட்டு. குயிலாப்பாளையத்திலிருந்து ஈ.சி.ஆர். ஏறினால் ஏழெட்டுக் கிலோமீட்டர், சைக்கிளிலேயே போகலாம். இடையில் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். காலாப்பட்டில் இருந்த காலத்தில் ஒருநாள் போய், ‘ஐயா, கரண்ட் போன அந்த ராத்திரி நான் அங்கே இருந்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடுங்கள் என்று கேட்டிருக்கலாம். பக்கத்தில்தானே இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிட்டேன். 2016 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை, காணும் பொங்கல். வீட்டுக்கு வந்திருந்த உறவினர்களுடன் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. அவருக்கு அறுபது வயதுதான். அதே வருடம் டிசம்பரில் இன்குலாப்பும் போய்விட்டார்.

இதை என் சொந்த வருத்தமாக மட்டும் நினைத்து எழுதவில்லை. நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். 2025 ஜூனில் கொல்லங்குடி கருப்பாயி அம்மா 99 வயதில் இறந்தபோது எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள்! நானும் வைத்தேன். 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தோம். அதற்கப்புறம் நாற்பது வருடம் அந்த அம்மா உயிரோடு இருந்தார். எந்த ஊர்த் திருவிழாவுக்கு நாம் கூப்பிட்டோம்?

2008இல் ‘காதலில் விழுந்தேன்’ படம் வந்தபோது பள்ளி ஆண்டு விழாவில் ‘நாக்க முக்க’ பாட்டுக்கு மூன்று வகுப்புகள் ஆட வேண்டும் என்று நின்றன. யாருடா அந்தப் பாட்டைப் பாடியது என்று கேட்டேன். கதாநாயகன் பேர் சொன்னார்கள், இசையமைப்பாளர் பேர் சொன்னார்கள். சின்னப்பொண்ணு என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. சின்ன வயதில் கோயில் திருவிழாக்களில் பாட ஆரம்பித்து, குணசேகரன் கைபிடித்து மேடைக்கு வந்தவர் அவர். ஊரே ஆடிய பாட்டுக்குப் பாடினவர் பேர் ஊருக்குத் தெரியவில்லை.

இதைப் போனில் சொன்னபோது அமெரிக்காவில் இருக்கும் என் மாணவன் ஒரு கதை சொன்னான். நாஷ்வில் பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் கார்ட்டர் குடும்பம் என்று ஒன்று. 1927இல் முதலில் இசைத்தட்டுக் கொடுத்தவர்கள். அந்தக் குடும்பத்து ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க்காரரைக் கூட அழைத்துப் போவாராம். இவர் வரிகளை எழுதிக்கொள்வார், அவர் மெட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு வருவார். தட்டில் பேர் வந்தது கார்ட்டருக்கு மட்டும். எந்த நாட்டுப்பாட்டைத் தோண்டினாலும் அடியில் இப்படி ஒருவர் இருப்பார் போலிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு பயணம். பொங்கல் சமயத்தில் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ நடக்கிறதல்லவா? 2007இல் தொடங்கி, சில வருடம் நடந்து, நின்றுபோய், 2023 முதல் தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை திரும்ப நடத்துகிறது. நாட்டுப்பாட்டு கேட்கலாம் என்று ஒரு மாணவனின் காரில் ஈ.சி.ஆர். வழியாகப் போனோம். போக மட்டும் 140 கிலோமீட்டருக்குக் குறையாது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஒரு பூங்காவில் மேடை, நல்ல ஒலி, கலைஞர்களுக்கு மரியாதை. சென்னைப் பிள்ளைகள் பறை அடிப்பவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு தம்பி பாடினார். நல்ல கனமான குரல். இறங்கி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டேன். செஞ்சிப் பக்கம் என்றார். திருவிழாக் காலத்தில் நம் பக்கம் பாடுவதில்லையா என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்துல எங்களை யாரு சார் கூப்புடறாங்க? சாவுக்குக் கூப்புடுவாங்க. திருவிழான்னா பாக்ஸ் கட்டிக்குவாங்க."

எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்க்காரரின் பாட்டைக் கேட்க மூன்று மணி நேரம் கார் ஏறிச் சென்னை போயிருக்கிறேன். அன்று எங்கள் குயிலாப்பாளையத்தில் மாட்டுப் பொங்கல். மாடுகளுக்குக் கொம்பு சீவி, வண்ணம் அடித்து, கோயிலடியில் விரட்டுவதைப் பார்க்க ஆரோவில்லிலிருந்து வெள்ளைக்காரர்கள் கேமராவோடு நிற்பார்கள். ஸ்பெயினிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர் நம் ஊர்த் திருவிழாவைப் பார்க்கிறார், ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, அந்த மண்ணின் பாட்டுக்காரர் சென்னைப் பூங்காவில் நிற்கிறார். பொங்கல் நாட்களில்தான் இவர்களுக்கு ஊரில் வேலை இருக்க வேண்டும். அந்த நாட்களில் இவர்கள் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறார்கள் என்றால் குற்றம் சென்னையுடையது அல்ல. ஊர் கூப்பிட்டிருந்தால் ஏன் போகிறார்கள்?

இனி நான் சொல்ல வந்தது. இந்த ஆடியில், நம் சுற்று வட்டாரத்தில் ஒரு ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஊர் பேர் வேண்டாம், எந்த ஊராக இருந்தாலும் இதே பேச்சுதான் நடந்திருக்கும். கணக்கு வாசித்தார்கள். வசூலில் பாதிக்கு மேல் டி.ஜே. பாக்ஸுக்கும் லைட்டுக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும். ஒரு ராத்திரி மட்டும் நாட்டுப்புறப் பாட்டு வைக்கலாமே என்று எழுந்து சொன்னேன். ஒரு தம்பி, என்னிடம் படித்தவன்தான், மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், பறையெல்லாம் வந்தா சாவு வீடு மாதிரி ஆயிடும் சார். பொம்பளைங்க முகம் சுளிப்பாங்க." சிலர் சிரித்தார்கள். பேச்சு அடுத்த செலவுக்குப் போய்விட்டது.

அந்தத் தம்பிக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

தம்பி, உங்கள் டி.ஜே. பாக்ஸில் போன வருடம் ஓடிய குத்துப்பாட்டுகளில் பாதிக்கு அடியில் கேட்பது பறையின் அடிதான். கம்ப்யூட்டரில் இருந்து வந்தால் குஷி, அடிக்கிற ஆள் எதிரில் நின்றால் சாவு மேளமா? அப்போது உங்களுக்கு உறுத்துவது மேளம் இல்லை. அடிக்கிற ஆள். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது. 1991இல் நான் வண்டிமேல் சாய்ந்து நின்றேனே, தார்ப்பாயில் உட்காராமல், அதே உறுத்தல்தான். எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். நாட்டுப்பாட்டு பழசாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதெல்லாம் மேல்பூச்சு. பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போயிருந்தால் ‘நாக்க முக்க’வுக்கு மூன்று வகுப்புகள் ஏன் சண்டை போட்டன?

2018இல் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மாவுக்கு நாட்டுப்பாட்டுக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் போக முடிந்த பறை நம் கோயில் தெருவுக்குள் வர முடியாதா?

டி.ஜே.வே வேண்டாம் என்று சொல்லும் கிழவன் அல்ல நான். பிள்ளைகள் ஆடட்டும். எனக்கும் அந்த வயதில் கிழவர்களைப் பிடிக்காது. நாட்டுப்புறக் கலை என்ற பேரில் வருகிற சில குழுக்கள் இரண்டு பாட்டு முடிந்ததும் சினிமாவுக்குத் தாவி இரட்டை அர்த்தத்தில் இறங்கிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. கூப்பிடும்போதே பேசிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு ராத்திரி, அதுவும் முழு ராத்திரிகூட வேண்டாம், இரண்டு மணி நேரம் கொடுங்கள். காலனி ஓரத்தில் இல்லை, கோயில் முன்னால். கடைசி பஸ் போன பிறகு இல்லை, சாயங்காலம் ஏழு மணிக்கு, பெண்களும் பிள்ளைகளும் விழித்திருக்கும்போது. பேசிய பணத்தை மேடை ஏறுவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள். பாட்டு முடிந்ததும் எல்லோரோடும் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அதற்குத்தான் முதல் எதிர்ப்பு வரும், பாருங்கள்.

மேடையில் பாடுகிறவர் எதிர்ப்பாட்டுக்குக் கூட்டத்தைப் பார்க்கும்போது, நம் ஊர்க் கிழவிகள் யாராவது வாய் திறந்து தன் அடியைப் பாடினால் பக்கத்தில் இருக்கும் பிள்ளை போனை எடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாஸ்டர் அம்மாவிடம் நாங்கள் டேப்ரிக்கார்டரை நீட்டிக் கேட்டபோது அவர் பாடவில்லை. அந்தக் கீழ்பென்னாத்தூர்க் கிழவியிடம் யாரும் எதையும் நீட்டவில்லை. கூட்டம் பாடியது, அவரும் பாடினார்.

வரும் 2026 ஜனவரி 17 சனிக்கிழமை, காணும் பொங்கல். குணசேகரன் போய் அன்றோடு பத்து வருடம். குயிலாப்பாளையத்தில் அன்று மாலை ஒரு பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்று சில பழைய மாணவர்களிடம் பேசியிருக்கிறேன். ஊர்ப் பெரியவர்களிடமும் பேச வேண்டும், வரும் ஞாயிறு சாயங்காலம் போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். தனியாகப் போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் பங்கு 5,000 ரூபாய். பிளெக்ஸ் வேண்டாம், துணியில் கையால் எழுதித் தருகிறேன் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். அதில் யார் தலைமை, யார் முன்னிலை என்று ஒன்றும் வராது, பாடுகிறவர் பேர் மட்டும் பெரிய எழுத்தில்.

செஞ்சிப் பக்கத்துத் தம்பியிடம் நேற்று போனில் பேசினேன். முதலில் யார் வீட்டில் சாவு என்று கேட்டார். இல்லப்பா, திருவிழா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், பதினேழாம் தேதிக்கு வேறு யார் கூப்பிட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆறு பேராக வருகிறோம், வேன் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றார்.